உலையில் போடும் முன் ஒரு பிடி: மாதாமாதம் தர்மம் கொடுக்க நினைப்பவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான ஒரு சின்னப் பள்ளிக்கு ஆறு வருஷமாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் போய் உட்காருவேன். அதற்கு முன்னாலும் நான் கொடுத்துக்கொண்டிருந்தவன்தான். ஆனால் கொடுப்பவனாக இருந்தவரை தெரியாத பல விஷயங்கள் அந்த நீள நோட்டைப் புரட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தன. "மாசாமாசம் ஏதாவது நல்ல காரியத்துக்குக் கொடுக்கணும்ணு இருக்கு, எப்படி ஆரம்பிக்கிறது?" என்று யாராவது கேட்டால், முதலில் அந்த நோட்டைப் பற்றித்தான் சொல்வேன்.

டிசம்பர் மாதம் என்றால் வரவு மூன்று பக்கம் நிரம்பும். கேக், பிரியாணி, புதுத்துணி, பலூன். ஒரு வருஷம் 23-ம் தேதி ஒரே நாளில் ஒன்பது கேக் வந்தது, இருந்தது நாற்பத்தியொரு பிள்ளைகள். ஜூன் மாதத்துக்கு அரைப் பக்கம் கூட வராது. காரணம் யாருடைய கெட்ட மனசும் இல்லை, நம் மாவட்டத்தின் வருமானம் ஓடும் விதம் அப்படி. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ரப்பர் விளைகளில் பால்வெட்டு நின்றுபோகும். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கமெல்லாம் வீடுகளில் கை இறுகும். போதாததற்குப் பள்ளிக்கூடம் திறக்கும், அவரவர் பிள்ளைகளுக்கு ஃபீஸ், நோட்டு, குடை, செருப்பு. எல்லாருக்கும் முடை வரும் அதே மாதத்தில்தான் எங்கள் பள்ளியும் திறக்கிறது. வேனுக்கு டீசல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், பிசியோதெரபி டீச்சருக்குச் சம்பளம், எல்லாம் அங்கே வரிசையில் நிற்கும்.

ஒரு வருஷம் ஜூனிலும் ஜூலையிலும் அந்த டீச்சருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. ஆகஸ்டில் அவர் திருவனந்தபுரத்தில் வேறு வேலை கிடைத்துப் போனார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்கும் வீடு இருக்கிறது. அடுத்த ஆள் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. முழங்கால் மெதுவாக நிமிர ஆரம்பித்திருந்த ஒரு பையனுக்கு அந்த ஐந்து மாதத்தில் கால் பழையபடி மடங்கி இறுகிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏழு அடி நடந்தவன் மறுபடி பாயில் உட்கார்ந்துவிட்டான். அந்த டிசம்பரிலும் கேக் வந்தது, அவனும் சாப்பிட்டான்.

அதே நோட்டில் ஒரு வரி உண்டு. "5-ம் தேதி, டீக்கடை அண்ணாச்சி, 200." ஏறக்குறைய எந்த மாதத்தைப் புரட்டினாலும் அந்த வரி இருக்கும். வருஷத்துக்கு 2,400 ரூபாய்தான். நாற்பது பேருக்கு ஒரு நேரம் பிரியாணி போட்டால் அதைவிடக் கூட ஆகும். ஆனால் வருஷத் தொடக்கத்தில் உட்கார்ந்து செலவுக்குத் திட்டம் போடும்போது நாங்கள் நம்பி எழுதும் தொகை அந்த 200 ரூபாய்தான், பிரியாணியை அப்படி எழுத முடியாது. வரும் என்று உறுதியாகத் தெரிந்த பணத்தை வைத்துத்தான் ஒரு டீச்சரை வேலைக்கு அமர்த்த முடியும். பக்கத்துக் கேரளத்தில், முக்கியமாக மலப்புரம், கோழிக்கோடு பக்கம், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்க் கவனிக்கும் பாலியேட்டிவ் அமைப்புகள் பல வளர்ந்தது ஊர்க்காரர்கள் தொடர்ந்து போட்ட சின்னச் சின்னத் தொகைகளால்தான். பெரிய மனசு எங்கேயும் இருக்கிறது, தவறாமல் வருவதுதான் அபூர்வம். நான் சொல்ல வருவது அவ்வளவுதான், இனி வரும் எல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது பற்றி.

எவ்வளவு கொடுப்பது

எங்கள் பாட்டி காலையில் நாழியால் அரிசி அளந்து சுளவில் போட்டுக் கல் பொறுக்குவாள். பொறுக்கி முடித்ததும், அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே, அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுக்களை மூலையில் இருந்த மண் கலயத்தில் போடுவாள். கலயத்தின் வாயில் ஒரு சிரட்டை கவிழ்த்து மூடியிருக்கும், அதை எடுத்து வைக்கும் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி சபைக்குப் போகும். பிடியரிசி என்று சொல்வோம், நம் பக்கத்தில் வயதான பெண்கள் பலருக்கு இது தெரியும். "ஏன் பாட்டி, சோறா எடுத்துக் குடுத்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "சோறு பொங்கியாச்சுன்னா வீட்டுல உள்ள வயிறெல்லாம் கணக்குல வரும் மக்கா, அரிசியா இருக்கும்போதே எடுத்துரணும்" என்றாள்.

ஆக, மாதக் கடைசியில் மிச்சம் இருப்பதைக் கொடுக்கலாம் என்று இருக்காதீர்கள், மிச்சம் இருக்காது. சம்பளம் வந்த அன்றே, அல்லது மறுநாள், ஒரு தொகை தனியாகப் போய்விட வேண்டும். எவ்வளவு என்பதற்கு நம் ஊரிலேயே பல அளவுகள் பழக்கத்தில் இருக்கின்றன. கிறிஸ்தவர்களில் பலர் தசமபாகம் என்று பத்தில் ஒன்று எடுப்பார்கள். முஸ்லிம்களுக்கு ஜகாத், அது வருமானத்தின் மேல் போடுவது இல்லை, நிசாப் என்ற குறைந்தபட்ச அளவைத் தாண்டி ஒரு வருஷம் கையில் தங்கிய செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம், யாருக்குக் கொடுக்கலாம் என்பதற்கும் அதில் வரையறை உண்டு. அய்யாவழிக்காரர்களின் சுவாமித்தோப்பிலும் ஊர் ஊராக இருக்கும் அவர்களுடைய நிழல்தாங்கல்களிலும் அன்னதர்மத்துக்கு அரிசியும் காய்கறியும் கொண்டு வந்து இறக்குகிறவர்கள் தங்கள் விளைச்சலைப் பார்த்து ஒரு அளவு வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு முறை இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

எந்த முறையும் இல்லையென்றால் ஒரு சதவீதம் என்று ஆரம்பியுங்கள். இருபதாயிரம் சம்பளத்துக்கு இருநூறு ரூபாய். அது சிறிது என்று தோன்றும், தோன்றட்டும். முதல் மாதம் உற்சாகத்தில் இரண்டாயிரம் போட்டு நான்காம் மாதம் நிறுத்துகிறவர்களை நோட்டில் நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு வருஷம் தவறாமல் கொடுத்த பிறகு, சம்பளம் கூடும்போது கூட்டுங்கள்.

கடன் இருக்கிறவர்கள் என்ன செய்வது என்று கேட்பார்கள். வீட்டுக் கடன், வண்டிக் கடன் மாதிரி தவணை கட்டிக்கொண்டிருப்பது வேறு, அது எல்லாருக்கும் இருக்கும். வட்டிக்கு வாங்கி வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அல்லது நகை அடகில் கிடந்து ஏலத்துக்குப் போகும் நிலை என்றால், முதலில் அதை முடியுங்கள். அதுவரை மாதம் ஐம்பது ரூபாய் போதும், பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கும். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

இன்னொன்று, ஊர்வரி, கோயில் கொடைக்குப் பிரிப்பது, பங்குக்குக் கட்டும் சந்தா, கல்யாண வீட்டுக்குச் செய்வது, இதையெல்லாம் தர்மக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதெல்லாம் ஊரோடும் உறவோடும் இருப்பதற்கான கடமை, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதையும் இதையும் ஒரே கணக்கில் போட்டால் எங்கேயோ பிள்ளைகளுக்குப் போக வேண்டிய இருநூறு ரூபாய் பட்டாசாக வெடித்துவிடும். தங்கச்சி மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுவதையும் நான் தனியாகவே வைப்பேன். இதில் என் மனைவிக்கு வேறு கருத்து, கஷ்டப்படுகிற சொந்தக்காரருக்குச் செய்வதும் தர்மம்தான் என்பாள். கடைசியில் அதற்கென்று வேறு ஒரு தொகை ஒதுக்கினோம். நீங்களும் ஆரம்பிக்கும் முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் கொடுக்கும் தர்மம் ரொம்ப நாள் ஓடாது.

பணம் தானாகப் போகும்படி வைப்பது

மாதச் சம்பளக்காரர்களுக்கு இது சுலபம். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே வைக்கலாம், அந்த நிறுவனம் அதற்கு வசதி செய்திருக்க வேண்டும். சின்ன இடங்களில் அது இருக்காது, அப்போது உங்கள் வங்கிக் கிளையில் நிலையான உத்தரவு (ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்) எழுதிக் கொடுத்தால் மாதம் ஒரு தேதியில் அவர்கள் கணக்குக்குப் போய்விடும், நெட் பேங்கிங்கிலும் வைக்கலாம். ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்கு ஒருநாள் முன்னால் உங்களுக்குத் தகவல் வரும், 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது, வேண்டாம் என்றால் நீங்களே ரத்து செய்யலாம். யாராவது போனில் கூப்பிட்டு "லிங்க் அனுப்புறேன், ஆட்டோபே ஓகே குடுங்க" என்றால் கொடுக்காதீர்கள். நீங்களாகத் தேடிப் போய் வைப்பது மட்டும்தான் சரி.

பால்வெட்டு, மீன்பிடி, பனைத்தொழில், கொத்து வேலை என்று வருமானம் ஏறி இறங்குகிறவர்களுக்கு வேறு வழி சொல்கிறேன், இது நான் கண்டுபிடித்தது இல்லை, குலசேகரம் பக்கத்து ரப்பர் விவசாயி ஒருவர் செய்வது. ஷீட் விற்ற அன்று, கடையில் பணத்தை எண்ணி வாங்கிய கையோடு, நூற்றுக்கு மூன்று ரூபாய் எடுத்துத் தனியாகத் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுவார். நல்ல மாதத்தில் அதிகம் சேரும், இலை உதிரும் மாதங்களிலும் மழை மாதங்களிலும் ஒன்றும் சேராது. ஆனால் அந்தக் கணக்கிலிருந்து எங்களுக்கு வருவது எல்லா மாதமும் ஒரே 300 ரூபாய். வெட்டு இல்லாத ஜூலையிலும் அந்த 300 வந்துவிடும். ஏற்ற இறக்கத்தை அவர் தன் பாஸ்புக்கிலேயே நிறுத்திக்கொள்கிறார், பள்ளி வரைக்கும் அது வருவதில்லை.

அதுவும் முடியாதென்றால் வருஷத்தில் இரண்டு முறை, நீங்கள் கையில் காசு பார்க்கும் காலத்தில் கொடுங்கள். ஆனால் எந்த மாதம், எவ்வளவு என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள். சொல்லி வைத்த பணம் பாதி வந்த பணம் மாதிரி.

யாருக்குக் கொடுப்பது, எப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்வது

இரண்டு இடம், அதிகம் போனால் மூன்று. பத்து இடத்துக்கு ஐம்பது ஐம்பதாகப் பிரிக்காதீர்கள். பத்து இடத்தையும் உங்களால் போய்ப் பார்க்க முடியாது, பார்க்காத இடத்துக்குக் கொடுக்கும் பழக்கம் சீக்கிரம் அற்றுப்போகும். நான் ஒன்று பக்கத்தில், ஒன்று தூரத்தில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பதை நேரில் பார்க்கலாம். தூரத்தில் இருப்பது எதற்கு என்றால், நமக்குத் தெரிந்த முகங்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் நம் ஆள், நம் சபை, நம் சாதி என்று கை தானாகச் சுருங்கிவிடும், இதை நான் என்னிடமே பார்த்திருக்கிறேன்.

போய்ப் பார்ப்பது என்றால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். விழா நாளிலும் போகாதீர்கள். செவ்வாய், புதன் மாதிரி ஒரு சாதாரண நாள், காலை பத்து பதினொரு மணிக்குப் போங்கள். அடுக்களையைப் பாருங்கள், கக்கூசைப் பாருங்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வேலை செய்கிறவர்களிடம் எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று கேளுங்கள், அடிக்கடி ஆள் மாறுகிற இடத்தில் ஏதோ சரியில்லை. பிள்ளைகள் ஆள் வந்ததும் எழுந்து வரிசையாக நின்று பாட்டுப் பாடினால் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் வேடிக்கையாக நம்மைத் திரும்பிப் பார்த்தால் அந்த இடம் பிடிக்கும்.

அப்புறம் ஒரு கேள்வி, நான் எல்லா இடத்திலும் கேட்பது: "இந்த மாசம் எந்தச் செலவுக்குப் பணம் இல்லை?" நேர்மையாக நடத்துகிறவர்கள் யோசிக்காமல் சொல்வார்கள். வேன் டயர், பெட்ஷீட் துவைக்க மிஷின், இரவில் கூட இருக்கும் அக்காவுக்குச் சம்பளம் என்று வாயில் வரும். "நீங்க எது குடுத்தாலும் சரிதான்" என்று மட்டும் சொல்கிற இடத்தில் கணக்கு யார் கையில் இருக்கிறது என்று மறுபடி கேளுங்கள்.

காகிதங்களும் கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம். அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்கப் பதிவு, வருமான வரித்துறையின் 12ஏ (நிறுவனத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிவிலக்கு) பதிவு, போன வருஷத்துத் தணிக்கை செய்த கணக்கு. தொண்டு நிறுவனங்களைப் பட்டியலிடும் நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடலாம், ஆனால் அதில் பெயர் இருப்பதாலேயே அரசு அந்த இடத்துக்கு நற்சான்று கொடுத்ததாகாது. பிள்ளைகள் தங்கும் இல்லம் என்றால் 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் பதிவு கட்டாயம். மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் என்றால் 2016-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். சந்தேகம் இருந்தால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஒரு பிள்ளைக்கு ஏதோ கெடுதல் நடக்கிறது என்று தோன்றினால் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

இல்லங்களில் பிள்ளைகளோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று அதே 2015 சட்டம் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், வகுப்பில் கூடப் படிக்கிற பையன் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டால் மறுநாள் இந்தப் பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடம் போகும்?

இல்லத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. அப்பா இல்லை, அம்மா அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலைக்குப் போகிறாள், பிள்ளையை வைத்துப் பார்க்க முடியவில்லை என்று கொண்டு வந்து விடுகிற கதைகள் நம் மாவட்டத்தில் நிறைய. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது பெரும்பாலும் இல்லம் இல்லை, அம்மாவின் கையில் கொஞ்சம் பணம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்க மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு, கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. விதவை என்றால் மாநில அரசின் மாத உதவித்தொகை 1,200 ரூபாய் தனியாக இருக்கிறது. உங்கள் தெருவில் அப்படி ஒரு அக்கா இருந்தால், மனு எழுதிக் கொடுத்து, வருமானச் சான்றுக்கு விஏஓ ஆபீஸுக்குக் கூடப் போய், பணம் வரும்வரை மாதம் 500 நீங்கள் கொடுத்தால், அதைவிடப் பெரிய தர்மம் எனக்குத் தெரியவில்லை.

போனில் வரும் கண்ணீர்

2019-ல் ஒரு போன் வந்தது. ஒரு பிள்ளைக்கு இருதய ஆபரேஷன், நாளைக் காலைக்குள் கட்ட வேண்டும் என்று ஒரு பெண் அழுதாள், பின்னாலேயே வீடியோவும் வந்தது. நான் ஐயாயிரம் அனுப்பினேன். ரசீது கேட்டபோது நாளை என்றார்கள், மறுநாள் அந்த நம்பரே இல்லை. பணம் போனதைவிட, அடுத்த இரண்டு மாதம் உண்மையாகக் கேட்டு வந்தவர்களையும் நான் சந்தேகத்தோடு பார்த்தேன் என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதன் பிறகு ஒரு முறை வைத்திருக்கிறேன். போனில் பேசிக்கொண்டிருக்கும்போது பணம் அனுப்புவதில்லை, யாராக இருந்தாலும். நோயாளியின் பெயர், ஆஸ்பத்திரி, ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) கேட்டு வாங்கி, ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவுக்கு நானே கூப்பிட்டு விசாரிப்பேன். கொடுப்பதென்றால் ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே கட்டுவேன். அதற்கும் முன்னால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்பேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை அதில் சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸுக்குப் போனால் அட்டைக்கு ஏற்பாடு செய்யலாம். ஊரிலிருந்து பஸ் ஏறி அங்கே போய் எந்த ஜன்னல் என்று தெரியாமல் திகைத்து நிற்கிற ஒருவரோடு கூடப் போக நீங்கள் ஒருநாள் லீவு போட்டால், அதன் மதிப்பு நீங்கள் அனுப்பும் ஆயிரத்தைவிடப் பல மடங்கு.

புற்றுநோய் என்று திருவனந்தபுரம் ஆர்சிசி மருத்துவமனைக்குப் போகிற குடும்பங்களுக்கும் இதேதான். மருந்துக்கு எப்படியாவது புரட்டிவிடுவார்கள். கூட இருக்கிறவருக்கு அறை வாடகை, இரண்டு வேளைச் சாப்பாடு, போக வர பஸ் காசு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, இதில்தான் குடும்பம் சாயும். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் அப்படிப் போகிறார் என்றால் ஒரே தடவை பெருந்தொகை கொடுத்துவிட்டு மறந்துபோகாமல், சிகிச்சை நடக்கிற ஆறு மாதமும் மாதம் ஒரு சின்னத் தொகை என்று வாக்குக் கொடுங்கள்.

பொருள், ரத்தம், நேரம்

பொருளாகக் கொடுப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கேட்டுவிட்டுக் கொடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரங்களில் பழைய துணிகள் மூட்டை மூட்டையாக வந்து, யாரும் தொடாமல் வழியோரம் கிடந்து நனைந்ததை மறக்க முடியாது. எல்லாம் இழந்து நிற்கிறவர்களுக்கு நாம் கழித்துப் போட்டது போதும் என்று நினைத்தது தப்பு. 2017 ஒக்கி புயல் சமயத்திலும் முதல் இரண்டு வாரம் அரிசியும் பிரெட்டும் குவிந்தன. கடலுக்குப் போன ஆள் திரும்பாத வீடுகளுக்கு அடுத்த ஜூனில் பள்ளி ஃபீஸ் கட்ட ஆள் தேவைப்பட்டது. பேரிடர் சமயத்தில் உங்கள் மனசு துடித்தால், கொடுக்க நினைத்ததில் பாதியை உடனே கொடுங்கள், மீதிப் பாதியை ஆறு மாதம் கழித்துக் கொடுப்பதாகக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

பிள்ளைகளின் பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட ஆசைப்படுகிறவர்கள், தயவுசெய்து போன் செய்து எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். ஒரே நாளில் மூன்று பேர் பிரியாணி கொண்டு வந்தால் மிச்சம் கொட்டத்தான் வேண்டியிருக்கிறது, அதைக் கொட்டுகிற சமையல்கார அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாது.

கையில் பணமே இல்லாதவர்களும் தவறாமல் கொடுக்கக்கூடியது ரத்தம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ரத்த வங்கியில் எப்போதும் தேவை இருக்கும். 18 வயது நிரம்பி, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். வருஷத்துக்கு மூன்று தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரி விஷயம், சுருக்கமாக

80ஜி விலக்கு பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு மட்டும்தான். 2023-24 நிதியாண்டிலிருந்து நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் தானாக வரும், அதில் இந்த விலக்கு கிடையாது. பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுப்பதில் பாதிக்குத்தான் விலக்கு, முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு முழுவதும் உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்கு இல்லை, அரிசி, துணியாகக் கொடுத்தாலும் இல்லை. ரசீதோடு 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழும் கேட்டு வாங்குங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன, ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வளைகுடாவில் இருக்கும் அண்ணன் தம்பிகள் அடிக்கடி கேட்பது ஒன்று. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது, தாராளமாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான், அதற்குப் பதிவோ முன் அனுமதியோ வைத்திருக்கும் நிறுவனங்கள் மட்டுமே அதை வாங்க முடியும். இது தெரியாமல் சின்ன இடங்கள் வாங்கிவிட்டு மாட்டிக்கொள்கின்றன, அனுப்பும் முன் கேளுங்கள்.

இல்லை என்று சொல்வதும் நிறுத்துவதும்

தவறாமல் கொடுக்க ஆரம்பித்தால், கொடுக்கிற ஆள் என்று பெயர் வந்துவிடும், கேட்கிறவர்களும் கூடுவார்கள். நான் மாதத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக வைத்திருக்கிறேன், வாசலில் வந்து நிற்கிறவருக்கும் பஸ் ஸ்டாண்டில் கை நீட்டுகிற பாட்டாவுக்கும் அதிலிருந்து போகும், விசாரணை கிடையாது. அது தீர்ந்துவிட்டால், "அண்ணே, இந்த வருஷம் ரெண்டு இடத்துக்கு வாக்குக் குடுத்திருக்கேன், அதை மீற முடியாது. அடுத்த வருஷம் யோசிக்கும்போது உங்களையும் கணக்குல எடுக்கேன்" என்று சொல்லிவிடுவேன். இருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல் நாளை வா, அடுத்த வாரம் வா என்று நடக்க விடுவதுதான் கொடுமை. வருஷத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில், அதே இரண்டு இடம் தொடரலாமா என்று யோசியுங்கள், ஜூனுக்கு முன்னால் முடிவெடுத்தால் அவர்களுக்கும் உதவியாக இருக்கும்.

நிறுத்த வேண்டி வந்தால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். வேலை போகலாம், வீட்டில் நோய் வரலாம், அந்த இடத்தின் மேல் நம்பிக்கை குறையலாம், எதுவானாலும் இரண்டு மாதம் முன்னால் ஒரு போன் போதும். திடீரென்று நின்றுபோகும்போது, மறந்துவிட்டாரா, கோபமா, உடம்புக்கு என்னவோ என்று தெரியாமல் நாங்கள் தவிப்போம், கூப்பிட்டுக் கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

போன வருஷம் மார்ச்சில் டீக்கடை அண்ணாச்சி கூப்பிட்டார். இருதயத்தில் அடைப்பு, மே மாதம் ஆபரேஷன், மூன்று மாதம் கடை திறக்க முடியாது, அதுவரை அனுப்ப முடியாது, தப்பா நினைக்கக் கூடாது என்றார். முதல்ல உடம்பைப் பாருங்க அண்ணாச்சி என்றேன். முன்னாலேயே சொன்னதால் அந்த மூன்று மாதத்துக்கு வேறு ஒருவரிடம் கேட்டு வைக்க முடிந்தது, டீச்சர் சம்பளம் தேதி தவறவில்லை. ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை நான் போய் நோட்டைத் திறந்தபோது, அந்த வாரம் ஹெட்மாஸ்டர் எழுதியிருந்த முதல் வரி: 5-ம் தேதி, டீக்கடை அண்ணாச்சி, 200.